தகுதி பாராத மன்னிப்பும் தனிப்பந்தியும்

மத்தேயு சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதை ஒன்றில் இரண்டு கடன்கள் வருகின்றன. ராஜாவிடம் ஓர் ஊழியக்காரன் பட்டிருக்கும் கடன் 10,000 தாலந்து. அதே ஊழியக்காரனுக்கு அவனுடைய உடன்வேலைக்காரன் தரவேண்டியது 100 தெனாரியம். தெனாரியம் என்பது அன்றைய கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஒரு தாலந்துக்கு ஏறக்குறைய 6,000 தெனாரியம். அப்படியானால் முதல் கடன் ஆறு கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் உழைத்தாலும் அடைபட இரண்டு லட்சம் வருடங்கள் பிடிக்கும். கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு அந்தப் பகுதிகளிலிருந்து ஆண்டுக்குக் கிடைத்த வருவாய் 200 தாலந்து என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் குறித்திருக்கிறார். அந்த ஆட்சிப்பகுதியின் ஐம்பதாண்டு வருவாயை ஒற்றை மனிதன் கடன்பட்டிருக்கிறான் என்றால், கதையைக் கேட்ட கலிலேயர்களுக்கு விஷயம் அப்போதே விளங்கியிருக்கும்: இது அடைக்கவே முடியாத கடன்.

ஊழியக்காரன் கேட்டது தவணை. ராஜா கொடுத்ததோ முழுத் தள்ளுபடி. அவன் யோக்கியன் என்பதாலோ இனிமேல் ஒழுங்காக இருப்பான் என்பதாலோ அது தரப்படவில்லை. ராஜா மனமிரங்கினார், அவ்வளவுதான். வெளியே வந்தவன் 100 தெனாரியத்துக்காக உடன்வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறான், காவலில் போடுகிறான். செய்தி ராஜாவின் காதுக்கு எட்டுகிறது. தள்ளுபடி ரத்தாகிறது.

கிறிஸ்தவ விசுவாசத்தில் தேவனுடைய மன்னிப்பு இலவசமானது என்று பிரசங்கிப்பவர்கள் பலரும் இந்தக் கதையின் முதற்பாதியோடு நின்றுவிடுகிறார்கள். நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துபவர்களுக்கு இரண்டாம் பாதி மட்டும் போதுமானதாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எழும் கேள்வி கடினமானது. சம்பாதிக்காமல் கிடைத்த மன்னிப்பு, பெற்றவனிடம் எதையாவது கேட்கிறதா? கேட்கிறது என்றால் அது இலவசம்தானா? இரண்டாயிரம் ஆண்டுக் கிறிஸ்தவச் சிந்தனையின் பெரிய சண்டைகளில் பல இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கின்றன.

இதில் அண்மைக்காலத்தில் வெளிச்சம் காட்டிய நூல் ஜான் பார்க்லே 2015இல் வெளியிட்ட ‘பவுலும் கொடையும்’. அப்போது இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த அவர், பவுலின் கடிதங்களை அந்தக் காலத்துக் கொடை வழக்கங்களோடு வைத்துப் படித்தார். பண்டைய சமூகங்களில் கொடை என்பது உறவைக் கட்டும் செயல் என்றும், வாங்கியவர் திருப்பிச் செய்தாக வேண்டும் என்றும் 1925இலேயே பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் எழுதிவிட்டார். பவுலின் சமகாலத்தவரான ரோமத் தத்துவவாதி செனெக்கா, நன்மை செய்வது பற்றி ஏழு பகுதிகள் கொண்ட நூலொன்றை எழுதியிருக்கிறார். யாருக்குக் கொடுக்கிறோம் என்று ஆராய்ந்து, நன்றியறிவுள்ளவருக்கே கொடுக்க வேண்டும் என்பது அதில் வற்புறுத்தப்படும் அறிவுரைகளுள் ஒன்று. தகுதியற்றவருக்குக் கொடுப்பவரை அந்தச் சமூகம் வள்ளல் என்று கொண்டாடாது. மதிகெட்டவர் என்றே நினைக்கும்.

பவுலின் பேச்சு அங்கேதான் உறுத்தியது. நல்லவருக்காக ஒருவர் உயிர்விடுவதைக்கூட ஒருவாறு புரிந்துகொள்ளலாம், கிறிஸ்துவோ பாவிகளாக இருந்தவர்களுக்காக, பகைவர்களாக இருந்தவர்களுக்காக மரித்தார் என்பது ரோமர் கடிதத்தின் 5ஆம் அதிகாரத்தில் அவர் முன்வைக்கும் வாதம். தேவன் ஆராய்ந்து பார்க்காமல் கொடுக்கிறார். அதே பவுல், அந்தக் கொடையைப் பெற்றவர்கள் பழையபடியே வாழலாம் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. அடுத்த அதிகாரத்திலேயே அந்த எண்ணத்தைக் கடுமையாக மறுக்கிறார். பார்க்லே இந்த இடத்தில் செய்யும் பகுப்பு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பெறுபவரின் தகுதியைப் பாராமல் தருவது ஒன்று. பெற்றவரிடம் எதையும் எதிர்பாராமல் தருவது இன்னொன்று. பவுல் முதலாவதைச் சொன்னார். நவீன மனம் அதை இரண்டாவதாக வாசித்துக்கொண்டது.

பவுல் இந்தப் போதனையை எந்தச் சூழலில் எழுதினார் என்பது நம் பிரசங்க மேடைகளில் அரிதாகவே பேசப்படுகிறது. கலாத்தியர் கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தைப் பார்க்கலாம். இடம் அந்தியோகியா, இன்றைய துருக்கியின் அந்தாக்கியா. அங்கே யூத விசுவாசிகளும் புறஜாதி விசுவாசிகளும் ஒரே பந்தியில் சாப்பிட்டு வந்தார்கள். பேதுருவும் அவர்களோடு சாப்பிட்டார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்ததும் பேதுரு மெல்ல விலகித் தனியே சாப்பிட ஆரம்பித்தார். மற்ற யூதர்களும் அவரைப் பின்பற்றினார்கள். பவுலோடு தோளோடு தோள் நின்று ஊழியம் செய்த பர்னபாவும் விலகினார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை எதிர்த்தார். மனிதன் நீதிமானாக்கப்படுவது நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் அல்ல, கிறிஸ்துவின் மீதான விசுவாசத்தால் என்ற வாக்கியம் அந்தச் சண்டையை விவரித்த கையோடு வருகிறது.

அதாவது, சபை வரலாற்றில் மிக அதிகமாகப் பேசப்பட்ட இந்தக் கோட்பாடு, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற தகராறுக்கு விடையாக எழுத்தில் ஏறியது. தேவன் தகுதி பார்க்காமல் ஏற்றுக்கொண்டவர்களை, தகுதி பார்த்துப் பந்தி பிரிப்பதற்குப் பேதுருவுக்கே உரிமையில்லை. பவுலைப் பொறுத்தவரை அது சாப்பாட்டு ஒழுங்கில் நேர்ந்த சிறு பிசகு அன்று. சுவிசேஷத்துக்கே புறம்பாக நடப்பது.

இங்கே ஓர் அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். யூத மதம் கிரியைகளின் மதம், கிறிஸ்தவம் கிருபையின் மதம் என்று பல நூற்றாண்டுகள் பள்ளிப்பாடம்போல் சொல்லிக்கொடுத்தார்கள். 1977இல் இ. பி. சாண்டர்ஸ் முதல் நூற்றாண்டு யூத எழுத்துகளை விரிவாக ஆராய்ந்து அந்தச் சித்திரம் பொய் என்று காட்டினார். தேவன் இரக்கத்தால் முதலில் தெரிந்துகொண்டார், நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்வது அதற்கு மறுமொழியாக வாழும் வாழ்க்கை என்பதுதான் அந்த யூதர்களின் புரிதல். ஓசியாவும் யோனாவும் 103ஆம் சங்கீதமும் யூத வேதத்தில் இருப்பவை. கிருபை கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்த பொருள் அன்று. யூதர்களை வெறுப்பதற்கு இந்தக் கோட்பாடே ஒரு கருவியாக்கப்பட்டது. 1543இல் லூத்தர் யூதர்களுக்கு எதிராக எழுதிய கொடூரமான நூல் அதற்குச் சாட்சி. கிருபையைப் பேசியவரின் பேனாவிலிருந்தே அது வந்தது என்பதை மறைக்கக்கூடாது.

ஐந்தாம் நூற்றாண்டின் பெலேஜியஸையும் நாம் நியாயமாக நினைவுகூர்வதில்லை. பிரித்தானியாவிலிருந்து ரோமுக்கு வந்த அந்தத் துறவி கண்டது, பெயருக்குக் கிறிஸ்தவர்களாக இருந்துகொண்டு பலவீனத்தையே சாக்காகச் சொன்னவர்களை. தேவன் கட்டளையிட்டிருந்தால் அது மனிதனால் முடிந்ததாகத்தான் இருக்கும் என்று அவர் கற்பித்தார். ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் அதை மறுத்தார். தன் இளமைத் திருட்டைத் தானே ஆராய்ந்து எழுதியவர் அவர். சரி எதுவென்று தெரிந்தும் அதை விரும்ப முடியாத மனத்தின் நிலையை உள்ளிருந்து அறிந்தவர். 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலேஜியக் கருத்துகளைக் கண்டித்தது. அகுஸ்தீன் பக்கமே சரி என்பது என் எண்ணம். ஆனால் பெலேஜியஸின் கவலை பொய்யில்லை.

இடைக்காலத்துக்கு வருவோம். பாவமன்னிப்புச் சீட்டு என்று நம் பாடநூல்கள் சொல்லும் பொருள் என்ன என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. ரோமச் சபையின் போதனைப்படி, பாவசங்கீர்த்தனத்தில் குற்றம் மன்னிக்கப்படுகிறது. அதை எந்தச் சீட்டும் செய்வதில்லை. மன்னிக்கப்பட்ட பிறகும் பாவத்துக்கான தற்காலிகத் தண்டனை மிச்சமிருக்கும். அது இங்கே தவத்தாலோ, இறந்தபின் உத்தரிக்கிற ஸ்தலத்திலோ தீர வேண்டும். கிறிஸ்துவும் புனிதர்களும் ஈட்டிய பேறுபலன்களின் பொக்கிஷத்திலிருந்து எடுத்து அந்தத் தண்டனையைக் குறைக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு என்று 1343இல் போப் ஆறாம் கிளமென்ட் அறிவித்தார். 1476இல் நான்காம் சிக்ஸ்துஸ் அதை இறந்தவர்களின் ஆத்துமாக்களுக்கும் நீட்டினார். செத்துப்போன அம்மாவுக்காக மகன் காசு கொடுக்கும் வழி அப்படித்தான் திறந்தது.

காசு எங்கே போனது என்பதும் தெரிந்த கதைதான். பிராண்டன்பர்க்கின் ஆல்பிரக்ட் ஏற்கெனவே மக்டபர்க் பேராயர். 1514இல் மைன்ஸ் பேராயர் பதவியும் அவருக்கு வந்தது. அதற்கு ரோமுக்குக் கட்டவேண்டிய பெருந்தொகையை ஆக்ஸ்பர்க்கின் ஃபுக்கர் வங்கியில் கடன் வாங்கினார். கடனை அடைக்க வழி செய்தார்கள்: ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டுவதற்கென்று சீட்டு விற்பனை, வசூலில் பாதி ரோமுக்கு, பாதி ஃபுக்கருக்கு. விற்பவர்களுக்கு ஆல்பிரக்டின் பெயரில் கொடுக்கப்பட்ட விதிமுறைகளில் அந்தஸ்துக்கு ஏற்ற கட்டணம் வகுக்கப்பட்டிருந்தது. அரசர்களுக்கும் ஆயர்களுக்கும் 25 பொற்காசு, அதற்குக் கீழே படிப்படியாகக் குறையும். கையில் ஒன்றுமில்லாதவர்கள் ஜெபத்தாலும் உபவாசத்தாலும் பெறலாம் என்றும் எழுதியிருந்தது. ஏழைக்கு இலவசம் என்று எழுதிவைத்த அந்த வரியைச் சந்தையில் யாரும் உரக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சாக்சனியின் ஃபிரடெரிக் தன் நாட்டுக்குள் இந்த விற்பனையை அனுமதிக்கவில்லை. ஆகவே விட்டன்பர்க் ஜனங்கள் எல்லை தாண்டி யூட்டர்போக் போய், தோமினிக்கன் துறவி டெட்சலிடம் சீட்டு வாங்கி வந்தார்கள். வந்தவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவாக இருந்தவர் மார்ட்டின் லூத்தர். எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்த 1505 முதல் தன் பாவங்களை ஒன்றுவிடாமல் அறிக்கையிட முயன்று தோற்றவர் அவர். அவருடைய துறவுசபை மேலதிகாரி ஸ்டாவ்பிட்ஸ் மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். சொல்லி முடித்த மறுகணமே, சொல்லாமல் விட்டது ஏதோ இருக்கிறது என்று லூத்தரின் மனம் அரிக்கும். தேவநீதி என்பது தண்டிக்கும் நீதி என்று புரிந்திருந்தவரை அந்தச் சொல்லையே வெறுத்ததாக 1545இல் முதுமையில் எழுதினார். ரோமர் கடிதத்தைப் படித்துக் கற்பித்த காலத்தில், அது தேவன் பாவிக்கு அளிக்கும் நீதி என்ற புரிதல் அவருக்கு வந்தது.

1517 அக்டோபர் 31 அன்று 95 வாதங்களோடு ஆல்பிரக்டுக்கே அவர் கடிதம் எழுதினார். கதவில் ஆணி அடித்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை; கடிதம் உறுதி. அந்த வாதங்களில் என்னைக் கவர்பவை இரண்டு. மெய்யாக மனம்வருந்தும் கிறிஸ்தவனுக்குச் சீட்டு இல்லாமலே முழு மன்னிப்பு உண்டு என்பது ஒன்று. சீட்டு வாங்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பது மேல் என்பது மற்றொன்று. இலவச மன்னிப்பைப் பேசியவர் அதே மூச்சில் அயலானின் பசியையும் பேசியிருக்கிறார்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1521இல் லூத்தர் சபைநீக்கம் செய்யப்பட்டார். 1547 ஜனவரியில் திரெந்து பொதுச்சங்கம் நீதிமானாக்கப்படுதல் பற்றிய ஆணையை வெளியிட்டது. விசுவாசம் மட்டும் போதும் என்பதை அது கண்டித்தது. ஆனால் நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் மனிதன் செய்யும் எதுவும் அந்தக் கிருபையைச் சம்பாதித்துத் தராது என்றும் அதே ஆணை தெளிவாகச் சொன்னது. கத்தோலிக்கர் கிரியையால் இரட்சிப்பை வாங்குகிறவர்கள் என்று இன்றும் பேசுகிற புராட்டஸ்டண்டு பிரசங்கிகள் அந்த எட்டாம் பிரிவை ஒருமுறையாவது படிக்க வேண்டும். காணிக்கை வாங்கிக்கொண்டு இந்தப் பலன்களை வழங்குவதை 1567இல் போப் ஐந்தாம் பியுஸ் ஒழித்தார். 1999 அக்டோபர் 31 அன்று, ஃபுக்கர் வங்கி இருந்த அதே ஆக்ஸ்பர்க் நகரில், உலக லூத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டுப் பிரகடனம் ஒன்றில் கையெழுத்திட்டன. நம்மிடமுள்ள எந்த நற்பேற்றினாலும் இன்றிக் கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்கிறார், அந்தக் கிருபை நம்மை நற்செயலுக்கு அழைக்கிறது என்பது அதன் சாரம். 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் அதில் இணைந்தன. அறிஞர்கள் அளவில் பெருமளவு தீர்ந்துவிட்ட சண்டை, ஊர்ச் சபைகளில் தீராமல் இருக்கிறது.

இலவசமாகக் கிடைத்தது வாழ்க்கையை மாற்றாமலே கிடந்தால் என்ன ஆகும்? ஆங்கிலேயர் ஜான் நியூட்டனின் வாழ்க்கை இதற்கு நேர்மையான, சங்கடமான சான்று. 1748 மார்ச்சில் அட்லாண்டிக் புயலில் கப்பல் மூழ்கும் நிலையில் அவர் தேவனைக் கூப்பிட்டார். அதையே தன் மனமாற்ற நாளாக ஆயுள் முழுதும் ஆசரித்தார். நாம் மறந்துவிடுவது என்னவென்றால், அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களின் தலைவரானார். 1750 முதல் 1754 வரை ஆப்பிரிக்கர்களை விலங்கிட்டுக் கடல் கடத்தினார். அந்தக் கப்பல்களில் ஜெபமும் வேதவாசிப்பும் நடந்தன. அவர் நிறுத்தியது உடல்நலம் கெட்டதால். மனசாட்சி உறுத்தியதால் அல்ல. 1764இல் குருவானார். ‘அமேசிங் கிரேஸ்’ என்று உலகமே பாடும் பாட்டு, ஓல்னி என்ற ஊரில் 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டது. அடிமை வியாபாரத்துக்கு எதிரான அவருடைய சிறுநூல் வந்தது 1788இல். புயலுக்கும் அந்த நூலுக்கும் இடையில் நாற்பது ஆண்டுகள்.

அந்த நூலில் தன் அறிக்கை மிகவும் தாமதமானது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். கப்பல்களுக்குள் நடந்ததைக் கண்கண்டவராக எழுதினார். விசாரணைகளில் சாட்சி சொன்னார். இளம் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸை அரசியலிலேயே இருக்கச் சொல்லி ஊக்கினார். 1807இல் பிரித்தானிய நாடாளுமன்றம் அந்த வியாபாரத்தைத் தடைசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் இறந்தார். தேவன் நியூட்டனை மன்னித்தார் என்று நான் நம்புகிறேன். ஆனால் அவருடைய கப்பல்களின் அடித்தளத்தில் கிடந்தவர்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பாட்டைப் பாடும்போது அவர்களையும் நினைக்காவிட்டால் கிருபை என்பது குற்றவாளியின் நிம்மதியாகச் சுருங்கிவிடும்.

டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் மலிவான கிருபை என்று சாடியது இதைத்தான். மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பு, சீஷத்துவம் இல்லாத ஞானஸ்நானம். லூத்தரன் போதகரான அவர், லூத்தரின் போதனையை வைத்துக்கொண்டே ஹிட்லருக்கு முன் மண்டியிட்ட சபையைப் பார்த்து அதை எழுதினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாசன்புர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

யூதர்களின் மிஷ்னா நூலில் ஒரு விதி உண்டு: அயலானுக்குச் செய்த பாவத்துக்கு, அந்த அயலானைச் சமாதானப்படுத்தும்வரை பாவநிவாரண நாளும் நிவாரணம் தராது. மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதும் அதற்கு நெருக்கமானது. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்னார். லூக்காவில் வரும் சகேயுவின் கதை வரிசையைச் சரியாகக் காட்டுகிறது. வரி வசூலித்துக் கொழுத்தவன் வீட்டுக்கு இயேசு முதலில் போகிறார். எந்த நிபந்தனையும் போடவில்லை. அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சகேயு எழுந்து நின்று சொல்வது அதற்குப் பிறகு. திருப்பித் தந்ததால் விருந்தாளி வரவில்லை. விருந்தாளி வந்ததால் ஏமாற்றப்பட்டவர்களின் பணம் திரும்பியது.

தகுதி பாராத அருள் தமிழ் மண்ணுக்குப் புதிதில்லை. ஸ்ரீவைஷ்ணவத்தில் பிள்ளை லோகாசாரியார் வழிவந்தவர்கள் நிர்ஹேதுக கிருபை என்று பேசினார்கள். பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் இறைவனே தூக்கிக்கொள்கிறான் என்ற தென்கலை விளக்கம் பிரசித்தம். 1930இல் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ இதைக் கிறிஸ்தவத்தோடு ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். நெல்லைச் சீமையின் வைணவக் குடும்பத்திலிருந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, பன்யனின் ஆங்கில நூலைத் தழுவி 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தைத் தந்தபோது, அருளைப் பேசும் மொழியை அவர் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை.

நம் மண்ணின் சிக்கல் கோட்பாட்டில் இல்லை, பந்தியில் இருக்கிறது. 1706இல் லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். லூத்தரின் போதனை அவரோடு தமிழுக்கு வந்தது. அவருக்குப்பின் வளர்ந்த சபைகளில் சாதியார் ஒருபக்கமும் ஒடுக்கப்பட்டோர் மறுபக்கமும் உட்கார்ந்தார்கள். நற்கருணைக் கிண்ணத்துக்கும் முந்தியவர், பிந்தியவர் என்ற வரிசை இருந்தது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபை அடியோடு கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் கொந்தளித்தார்கள். கீர்த்தனைகளால் தமிழ்ச் சபையையே பாடவைத்த வேதநாயக சாஸ்திரியார் அவர்கள் பக்கம் நின்றார். வெளியேறியவர்களில் பலர், சாதி விஷயத்தில் நெகிழ்ந்து கொடுத்த லைப்சிக் லூத்தரன் மிஷனில் பின்னாளில் சேர்ந்தார்கள். சம்பாதிக்காத கிருபையை உலகுக்கு உரக்கச் சொன்னவரின் பெயரைத் தாங்கிய சபையிலேயே, பிறப்பால் சம்பாதித்த இருக்கைக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் தலித்துகளின் கல்லறைகளைப் பிரித்து எழுப்பிய சுவரும் இதே வரலாற்றின் பகுதி. எந்தச் சபையும் இதில் மற்றொன்றைக் கைநீட்டிப் பேச முடியாது.

இதை ஒழுக்கக்கேடு என்றோ சமூகப் பிரச்சினை என்றோ வகைப்படுத்தி ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தியோகியாவில் பவுல் அப்படி ஒதுக்கவில்லை. தனிப்பந்தி போட்டவர் முதன்மை அப்போஸ்தலனாக இருந்தும், சுவிசேஷத்தையே மறுக்கிறாய் என்றுதான் அவரிடம் சொன்னார். தகுதி பாராமல் மன்னிக்கப்பட்டேன் என்று ஞாயிறுதோறும் பாடிவிட்டு, பீடத்தருகே யார் முதலில் வருவது என்றும் கல்லறையில் யார் எங்கே படுப்பது என்றும் சாதி பார்த்துத் தீர்மானிக்கும் சபை எதுவாயினும், அது தான் பெற்ற கிருபையை மறுதலிக்கிறது. நம் ஆயர்களும் போதகர்களும் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும்போது தங்கள் ஊரின் பெயரைச் சொல்லிப் பிரசங்கிக்கட்டும்.